கூட்டக் குறிப்பில் சேராதவை

பத்தொன்பது ஆண்டுகளாக
யால்துயே தீவின் நகரசபையில்
குறிப்பெழுதுகிறவள் நான்.
சிலியின் தெற்கு, மழை ஓயாத பக்கம்.
சட்டம் சுருக்கம்:
கோரிக்கையை எழுது, முடிவை எழுது,
முன்னுரையை விடு.

விட்டதையெல்லாம்
மின்கட்டண ரசீதுகளின் முதுகில்
எழுதி வைத்திருக்கிறேன்.
ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தொடக்கங்கள்.
தொடர்ச்சி எதற்கும் இல்லை.

வாத்தியார் பௌதிலியோ கார்கமோவுக்கு
அவையடக்கம் முடியவே முடியாது.
மேயரை விளித்து, அவர் மனைவியை விளித்து,
தீயணைப்புப் படையை, மறைந்த பங்குத்தந்தையை,
வராதவர்களையும் விளித்து
அவர் "ஆகவே" என்கிறபோது
நாலு நிமிடம் தீர்ந்து மணி அடிக்கும்.
இன்றுவரை எனக்குத் தெரியாது
அவருக்கு என்னதான் வேண்டுமென்று.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பையன்
"கடல் என்பதற்கு அகராதி தரும் பொருள்" என்று தொடங்கினான்.
பூட்ஸுக்குள் கடலோடு வந்து உட்கார்ந்திருந்தவர்கள்
மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"உங்களில் எத்தனை பேர்..." என்று
கேள்வி போட்டு ஆரம்பித்தாள் ஒரு சுகாதார அதிகாரி.
ஒரே ஒரு கை எழுந்தது.
இலாரியோவுக்குக் காது அரித்திருக்கிறது.

சால்மன் கம்பெனிக்காரர் நகைச்சுவையோடு வருவார்.
எப்போதும் அதே பாதிரியார், அதே கழுதை.
கழுதை வாய் திறக்கும் முன்பே
முன்வரிசை சிரித்துவிடும்.
அதையும் எழுதினேன். பதினோரு தடவை.

எர்மெலிண்டா வந்தது ஜூலையில்.
சிப்பி பொறுக்குகிறவள். கையில் காகிதம் இல்லை.
மைக்கை ஒரு தரம் பார்த்தாள்,
வணக்கம் சொல்லவில்லை.
"அந்தச் சன்னலை யாராவது திறங்கள்."

நடுக்குளிர்காலம். விறகடுப்பு எரிகிறது.
சாத்திய சன்னலுக்குள்தான் எங்கள் சபை கூடும்.
யாரும் அசையவில்லை. பிறகு இலாரியோ எழுந்து
ஈரத்தில் ஊதிப்போன சட்டத்தைத்
தோளால் இரண்டு இடி இடித்தான்.

முதலில் மழை உள்ளே வந்தது.
மழைக்குப் பின்னால், அது:
விரிகுடா நடுவே மீன் தொட்டிகளுக்காக
இரவு பகலாய் ஓடும் ஜெனரேட்டர்.
பல்லின் வேரில் வந்து உட்காரும் ஒரு 'ம்ம்ம்'.
உறுப்பினர் ஏழு பேருக்கும்
வீடு மலைக்கு இந்தப் பக்கம்.

அவள் பேசவில்லை. நேரம் ஓடியது.
"இப்படித்தான் ராத்திரி முழுக்க" என்றாள் கடைசியில்.
"பிள்ளை தூங்குவதில்லை."
போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று குறிப்பில் நான் எழுதியது:
"குடிமகள் ஒருவர் இரைச்சல் பற்றி முறையிட்டார்.
ஆறு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது."

வெளியே, கூரை ஓரத்தில் அவளைப் பிடித்தேன்.
எப்படித் தோன்றியது அந்தத் தொடக்கம்,
வீட்டிலேயே யோசித்து வைத்ததா?
"எந்தத் தொடக்கம்?
அடுப்புப் புகை, கண் எரிந்தது.
அங்கே வரைக்கும் கேட்குமென்று
எனக்கே தெரியாது."

ஆகஸ்டில் மூன்று பேர்
சன்னலைத் திறக்கச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார்கள்.
அதில் ஒருவருக்கு வேண்டியது தெருவிளக்கு.
வாத்தியார் எழுந்தபோது
அது ஏற்கெனவே திறந்து கிடந்தது.
கொஞ்சம் திகைத்து நின்றார். பிறகு
"மாண்புமிகு மேயர் அவர்களே" என்றார்.
கம்பெனிக்காரரின் கழுதை மட்டும்
அந்த 'ம்ம்ம்'மில் பாதி வழியில் நின்றுவிட்டது.
எங்கே சிரிப்பதென்று தெரியாமல்
முன்வரிசை தொப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

இப்போது நள்ளிரவு. ஆகஸ்டுக் குறிப்பை முடிக்க வேண்டும்.
"போதிய உறுப்பினர் வந்திருந்ததால்
கூட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது."
பத்தொன்பது ஆண்டாக இதே வாக்கியம்,
கை தானே எழுதிவிடும்.
எழுதியது. அடித்தேன்.
சன்னல் திறந்திருந்தது, மாலை ஆறு மணி
என்று வைத்தேன்.

மேயர் கையெழுத்துப் போடமாட்டார்.
போடாமல் போகட்டும்.
ரசீதின் முதுகில் இல்லை,
சபையின் பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.