குறியீடு இல்லை

பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனை,
காப்பீட்டுக் கவுண்டரில் நான்.
சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறி,
இந்தப்பக்கம் முனிலட்சுமி.

"நொப்பி, நொப்பி" என்கிறாள்.
நர்ஸ் தமிழில் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாள்.
ஆயா அதையே தெலுங்கில்.

முதுகில் போடும் ஊசிக்குக் குறியீடு தேடுகிறேன்.
வலி என்று தட்டினால்
நெஞ்சுவலி வருகிறது, மூட்டுவலி வருகிறது.
பிரசவம் என்று தட்டினால்
அறுவை மட்டும்.
கத்தி வைத்தால் காசு உண்டு,
கத்தினால் கிடையாது.

அட்டையை நீட்டியபடி அவள் புருஷன் சலபதி.
போன ஆடியில் இவனுக்குக் குடலிறக்கம்.
இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்
தறி முதலாளியோடு கூலி பேசிக்கொண்டே கிடந்தானாம்.
"எனக்குப் போட்டாங்களே மேடம், இதே அட்டைக்கு.
அவளுக்கும் முதுகுதானே இருக்கு?"

இது இயற்கைதானேப்பா என்று
சொல்லிவிட்டேன்.
என் மகன் பிறந்த இரவு
எனக்கும் இதைத்தான் சொன்னார்கள்.
விடிந்து பார்த்தால்
கட்டில் கம்பியின் பச்சை பெயின்ட்
என் நகங்களுக்குள்.

நாலரைக்குக் கரண்ட் போனது.
திரை அணைந்தது.
தறிகள் ஒவ்வொன்றாய் நின்றன.
இப்போது தெருவுக்கே கேட்கிறது.

சலபதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்தான்.
மறுபடி எடுத்தான்.