உத்தேசமாக ஓரிடம்

பாயா தெருபோங் தாண்டி
பதினோராம் வளைவில் காது அடைத்துக்கொள்ளும்.
எச்சில் விழுங்கினால் திறக்கும்.
அதற்கப்புறம்தான் குளிர்.

ஏழு பத்துக்கு எங்கள் முறை.
மிஸ்டர் கூ கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டுவார்.
பக்கியின் பின்னால் ரொஸ்லி
ஐந்து பொட்டலம் நாசி லெமாக் ஒளித்திருப்பார்.
கேடிப் பெண்ணோடு சேர்த்து நாங்கள் நால்வர்தானே,
ஐந்தாவது யாருக்கு என்றால்
"மேகத்துக்கு" என்பார்.
மேகமும் வரும், நேரம் தவறாமல்.
சந்தா கட்டாத ஒரே உறுப்பினர்.

முதல் குழியில் கொடி தெரியாது.
சித்தி ஹவா கையை நீட்டி,
"அந்த ரம்புத்தான் மரத்தின் இடது தோள்" என்பாள்.
மரமும் தெரியாது.
தோளை மட்டும் நம்பி அடிப்போம்.

என் மட்டைகள்
கனாசாவாவுக்குத் திரும்பிப்போன மேலாளர் விட்டுச்சென்றவை.
இருபத்திரண்டு வருடத்துக்கு
ஒரு கேடயம், ஒரு கைகுலுக்கல்,
அவர் உயரத்துக்கு அளந்து செய்த ஏழு இரும்புகள்.
பிடியில் இரண்டு அங்குலம் கீழே பிடித்தால்
எனக்குச் சரியாக வரும்.
எதையும் கொஞ்சம் கீழே பிடித்துத்தான் பழக்கம்.

ஏழாம் குழியில் மலை சட்டென்று விலகிக்கொள்ளும்.
கீழே பாயான் லெப்பாஸ்.
பாலம் ஒரு தையல் நூல்,
ஜெரெஜாக் தீவு பக்கத்தில் தெறித்த பொத்தான்.
விமானம் நமக்குக் கீழே இறங்குகிறது.
விமானத்துக்கு முதுகு உண்டென்று
இங்கே வந்துதான் தெரியும்.

அந்த நீலக் கூரை எங்களுடையது. மூன்றாம் கட்டம்.
மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பி
அறுந்திருக்கிறதா என்று
நுண்ணோக்கியில் எட்டு மணி நேரம் கண் வைத்த இடம்.
இப்போது ஒரு கண்ணை மூடினால்
கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அடித்தேன்.
வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ அப்படி வாய்க்கும்,
கைக்கு ஒன்றுமே தெரியாது, சத்தம் மட்டும் இருக்கும்.
பந்து மேகத்துக்குள் போய் மேகத்தின் மறுபக்கம் வந்து
குழிக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தது.

குரங்கும் வந்து உட்கார்ந்தது.
வயிற்றில் குட்டி தொங்க, அவசரமே இல்லாமல்.
மோந்து பார்த்தது. கடித்துப் பார்த்தது.
பிறகு பந்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு
மூன்று காலில் காட்டுக்குள் நடந்தது.

ரொஸ்லி சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.
மிஸ்டர் கூ சிரிக்கவில்லை.
சுங்க இலாகாவில் முப்பது வருடம்.
பிளாஸ்டிக் உறை போட்ட விதிப்புத்தகத்தை எடுத்து
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்:
வெளியார் எடுத்துப்போனால் தண்டனை இல்லை.
வேறு பந்தை அங்கேயே வைக்கலாம்.
இடம் சரியாகத் தெரியாவிட்டால்
உத்தேசமாக ஓரிடத்தில்.

"ஒரு அடிகூடக் கூட்ட வேண்டாமா?"
"ஏன் லா? நீயா எடுத்தாய்?"

பென்சில் கையிலேயே நின்றது.

மூன்றாம் கட்டத்தை மூடிய ராத்திரி
சமையலறை மேசையில் பழைய நாட்காட்டிகளை விரித்து
எடுத்த விடுப்புகளையெல்லாம் எண்ணினேன்.
மகளுக்கு அம்மை போட்ட நான்கு நாள்.
வெள்ளத்தில் ஸ்கூட்டர் நின்ற அரை நாள்.
ஒரு தைப்பூசம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.
விடிவதற்குள் கோடுகள் போதுமானதாகிவிட்டன.

ஈரப் புல்லில் மண்டியிட்டேன்.
இங்கே என்றாள் சித்தி ஹவா.
இன்னும் வலதுபக்கம் என்றார் ரொஸ்லி.
மிஸ்டர் கூ ஒன்றும் சொல்லவில்லை,
தன் நிழல் விழாதபடி நகர்ந்துகொண்டார்.
எனக்குத் தோன்றிய இடத்தில் வைத்தேன்.

அப்புறம், வெட்கக்கேடு,
நான்கு முழத்துக்கு மூன்று தட்டு.
முதல் தட்டு குழியின் உதட்டைச் சுற்றி வந்தது,
இரண்டாவது சுற்றக்கூட இல்லை.
அது என்னுடையது.
நான்கு என்று அழுத்தி எழுதினேன்.

பக்கிக்குத் திரும்பினால்
ஐந்தாம் பொட்டலத்தைக் காணோம்.