அரை மில்லிமீட்டர்

விரிசலுக்குள் இறங்கி
கம்பியின் இழுவையைக் குறித்துக்கொள்கிறாள் தூருன்.
இந்த வாரம் அரை மில்லிமீட்டர்.
நகம்கூட இதைவிட வேகம்.

கீழே ஃபியோர்டு,
கறுத்து, அலுங்காமல்.
மலை சரிந்தால்
ஊரை அலை தொடப் பத்து நிமிடம்.
ஆய்வுக்கூடத் தொட்டியில்
கட்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டிவிட்டு,
சட்டையெல்லாம் நனைந்து,
அவளே போட்ட கணக்கு.

கடையில் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே
ஐலிஃப் விசாரிக்கிறார்:
"இன்னைக்கு எப்படி இருக்கு அவருக்கு?"
"தூங்குறார். லேசாப் புரண்டு படுத்தார்."

பள்ளிச் சுவரில் சிவப்புக் கோடு,
அலை ஏறும் உயரம்.
யாரோ ஒரு பிள்ளை அதன்மேல்
சாக்பீஸால் படகு விட்டிருக்கிறது.
அந்தக் கோட்டுக்குக் கீழேதான்
போன மாதம் அவள் வாங்கிய வீடு.

"சன்னலுக்கு மஞ்சள் பெயிண்ட்
ரெண்டு டப்பா," என்கிறாள்.
"வெயில் மழைக்குத் தாங்குமா?"

"பத்து வருஷம்" என்கிறார் ஐலிஃப்,
மலையைப் பார்க்காமல்.