மூணாள் ஆழம்

பேச்சிப்பாறை இன்று நாற்பத்தொன்று அடி
என்று பேப்பரில் போட்டிருந்தான்.
அடியில் என்ன நிற்கிறதென்று போடவில்லை.

பால்வெட்டு முடித்த கையோடு
மச்சினன் டெலஸ்பர் துடுப்புப் போடுகிறான்.
ரப்பர்ப்பால் நாற்றம் வள்ளம் முழுக்க.
நான் அணியத்துக்கு முதுகு காட்டி
ஆள்காட்டி விரலில் நூலைத் தொங்கவிட்டிருக்கிறேன்.
நூல் முனையில்
என் பெண்டாட்டியின் எவர்சில்வர் கரண்டி,
காம்பொடித்து, தேய்த்து, முள் கட்டியது.
அவளுக்கு இன்னும் தெரியாது.

வேகமாகப் போனால் மேலே வந்து மினுங்கி
வெறும் கரண்டியாகிவிடும்.
மெதுவானால் இறங்கிப்போய்
அணை கட்டினபோது வெட்டாமல் விட்ட
மரக்குற்றியில் மாட்டும்.
நடுவில் ஒரு நடை இருக்கிறது,
பூசைக்குப் பிந்தி வந்தவன்
கோயிலுக்குள் நடக்கிற நடை.
அதைத்தான் வாளை நம்பும்.

மூன்று மாதமாக நாங்கள் பேசுவதில்லை.
எட்டு சென்ட், ஒரு கையெழுத்து.
வள்ளம் அவனுடையது, நூல் என்னுடையது.
"பைய" என்பேன்.
"ம்" என்பான்.

கோதையாற்று மலையைத் தாண்டி வெயில் எட்டிப்பார்க்கையில்
விரலில் ஓர் இழுப்பு.
குற்றி இழுக்காது, பிடித்து நிற்கும்.
இது தலையை ஆட்டியது.

"அத்தான், விடாதேயும்!"
துடுப்பைப் போட்டுவிட்டு
கேட்காமலே என் நூலில் கைவைத்தான்.

அறுந்தது. மூணாள் ஆழத்தில்.

"கரண்டிக்கு அக்காகிட்ட என்ன சொல்லுவீரு?"
"நீ எடுத்தேன்னு."
"சொல்லும்" என்று
துடுப்பைத் தேடினான்.
அது அதுபாட்டுக்கு
தெற்கே மிதந்துகொண்டிருந்தது.