நாலாவது சானல்

முதல் நாள் போலீஸ் கேட்டது காட்டின் வரைபடம்.
அது யார்னோவிடம்தான் இருந்தது.
மேடைகளுக்கு எண் போட்டவனே அவன்:
சதுப்புக்கு இந்தப் பக்கம் பதினான்கு,
அந்தப் பக்கம் எட்டு.
மூஸ் வரும் தடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.
பள்ளிச் சமையலறை மேசையில் உட்கார்ந்து
நினைவிலிருந்து நாங்கள் வரைந்தோம்
அவனைப் பிடிக்க அவன் காட்டை.

பிள்ளைகள் பெயரைச் சொல்லிவிடுகிறேன்,
பிறகு வராமல் போகலாம்.
ஈதா, எட்டு வயது.
வெய்க்கா, டிசம்பர் வந்திருந்தால் ஏழு.
அப்பா பெயர் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

பள்ளி டாக்ஸி ஓட்டுகிறவள் நான்.
காலை ஏழு இருபது, பால்வண்டி திரும்பும் முனை.
வெய்க்காவுக்கு பெல்ட் மாட்டத் தெரியும்,
கழற்றத் தெரியாது.
ஈதா கண்ணாடி வழியே
என் கொட்டாவிகளை எண்ணுவாள்.

வீட்டுக்குள் என்னவென்று என்னைக் கேட்காதே.
மெர்வி இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது
அடுப்பு இன்னும் சூடாக இருந்ததாம்,
சின்னக் காலணிகள் ஜோடி சேர்த்து
வாசலில் வைத்திருந்ததாம்.
இவ்வளவு தெரிந்ததே அதிகம்.

ஹெலிகாப்டர் வந்தது, வெப்பக் கேமரா வந்தது,
கஜானியிலிருந்து நாய்கள்.
கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள்.
வேட்டைச் சங்கம், ஆரஞ்சு மேலங்கி,
ஐம்பது மீட்டருக்கு ஓர் ஆள்.
பதினொரு இலையுதிர்காலம் இதே வரிசையில்
ஹன்னெஸுக்கும் எனக்கும் நடுவில் நடந்தவன் அவன்.
யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை.
நூறு மீட்டர் வெற்றிடம்
எங்களோடு சேர்ந்தே நடந்தது.

போன வருடம் தன் பங்கு ஈரலை என்னிடம் தந்தான்.
"பிள்ளைகள் தொடமாட்டார்கள்."
ப்ரீஸரில் கிடக்கிறது இன்னும்,
அவன் கையெழுத்தில் தேதியோடு.

மூன்றாம் நாள் அந்திநேரம்.
"வடக்குச் சதுப்பு முடிந்தது" என்றார் ஹன்னெஸ் ரேடியோவில்.
அதன் வாலில் ஒரு கிளிக். இன்னொரு கிளிக்.
கையுறை கழற்றாமல் பொத்தானை அழுத்தினால்
அப்படித்தான் இரண்டு முறை படும்.
எத்தனை முறை திட்டியிருப்போம் அவனை.

நாலாவது சானல். சங்கத்துச் சானல்.
அவனும் சந்தா கட்டியவன்.
எங்கே தேடுகிறோம், எங்கே முடித்தோம் என்று
மூன்று நாளாக நாங்களே
அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதிகாரி உதட்டில் விரல் வைத்தார்.
அறுபது பேர் மரத்துக்கு மரம் அசையாமல்.
ஈரப்பனி விழத் தொடங்கியிருந்தது.

என்ன புகுந்ததோ எனக்குள்.
பொத்தானை அழுத்தினேன்.

"டாக்ஸி பேசுகிறேன். முனையில் நிற்கிறேன்.
பிள்ளைகளைக் காணோம். இன்னும் இரண்டு நிமிடம் பார்க்கிறேன்."

தாமதமாகும் காலைகளில் போனில் அவனுக்குச் சொல்வது.
அதே சொல், அதே குரல்,
கொஞ்சம் எரிச்சலும் கூட.

அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு சானல் திறந்தது.
இரைச்சல்.
இரைச்சலுக்குள் மூச்சு.
மூச்சுக்குப் பின்னால், தகரத்தில் பனி சரியும் ஓசை.

தகரக் கூரை போட்ட மேடை ஒன்றுதான். பதினேழு.
முந்தாநாள் நாங்கள் தேடி முடித்த இடம்.
கூரை அடித்த அன்று வெய்க்காதான்
ஆணி எடுத்துக் கொடுத்தானாம், ஒவ்வொன்றாக, எண்ணி.
நான் வாய் திறக்குமுன்
ஹன்னெஸ் நடக்கத் தொடங்கியிருந்தார்.

உயிரோடு பிடித்தார்கள்.
டார்ச் பட்டதும் முதலில் மின்னியது
அவன் இடுப்பில் தொங்கிய ரிஃப்ளெக்டர்,
முள்ளெலி வடிவம், ஈதாவின் பையில் ஆடியது.
இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படட்டும் என்று
பிள்ளைகளுக்கு நாம் மாட்டி அனுப்புவது.

நல்ல வேலை செய்தாய் என்கிறார்கள் கடையில்.
பாலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.
அந்தக் குரலை வைத்து
இனி எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவேன்?

திங்கட்கிழமை. வழி மாறவில்லை.
முனை வந்ததும் வண்டி தானாக நிதானிக்கிறது.
பின்சீட்டில் மூவரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.
ஒருத்தி மட்டும் பெல்ட்டைக் கழற்றுகிறாள்,
மாட்டுகிறாள்,
மறுபடி கழற்றுகிறாள்.