அவிநாசி, அவிநாசி

"பொம்பளைங்களுக்கு ஓசி பஸ் இருக்குதல்லக்கா" என்றேன்.
சனுமாயா செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.
"ஊர் பாக்கக் காலுதான் டிக்கெட்"
என்றாள், பேக்கிங் செக்‌ஷனில்
மூன்று வருடமாகப் பொறுக்கிச் சேர்த்த தமிழில்.

கம்பெனியில் அவள் பெயர் கூர்க்கா அக்கா.
கூர்க்கா இல்லை, நேவார் என்று திருத்திய அன்று
"புயல் பேருங்களா?" என்று கேட்டவள் நான்தான்.
நிவர் கரை கடந்த வருடம் அது.
சிரிக்கவில்லை. போனில் ஒரு படம் காட்டினாள்:
செங்கல்லும் மரமுமாய் அடுக்கடுக்காய்க் கூரை,
கீழே படிக்கட்டில் காயும் நெல்,
நெல்லைக் கிளறும் அவள்.
"கோயிலா, ஊடா?"
"நடுவுல சுவர் இல்ல."

அனுப்பர்பாளையம் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.
வேப்பமரத்தடிப் பிள்ளையாரைத் தொட்டு நெற்றியில் வைத்தாள்.
சாக்கடை ஓரத்து வேலைத் தொட்டாள்.
அடுத்து ஒரு கிலோமீட்டர் கல்லை.
"அக்கா, அது ஹைவேஸ்காரங்க கல்லு."
"பொட்டு வெச்சிருக்கே."
வைத்திருந்தார்கள்தான்.
ஆயுத பூஜைக் குங்குமம்
லாரிப் புழுதியிலும் போகாமல்
எட்டு என்ற எண்ணுக்கு மேலே.

பூண்டியில் உளிச் சத்தம் ஞாயிறும் ஓயவில்லை.
தகரக் கொட்டகையில் இடுப்புவரை வந்த அம்மன்,
முதுகு இன்னும் பாறையாகவே இருக்கும் நந்தி.
கை கூப்பப் போனவளை
"கண்ணு தொறக்கலீங்க, இப்பக் கும்புடக் கூடாது" என்றார்
புருவமெல்லாம் கல்மாவு படிந்த ஒருவர்.
கையை இறக்கிக்கொண்டாள்.
தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிறவள்போல
நுனிக்காலில் நடந்தாள்
அந்தக் கொட்டகை முடியும்வரை.

இங்கேதான் சுந்தரரைச் சிவனே மறித்து
மூட்டையைப் பிடுங்கினான் என்று சொன்னேன்.
"திருப்பிக் குடுத்தானா?"
"பாட்டுப் பாடினாரு, குடுத்துட்டான்."
"எங்க ஏஜென்ட்டு பாட்டுக்கெல்லாம் குடுக்க மாட்டான்."

ஊர் எல்லையில்தான் கேட்டாள்,
இந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா என்று.
எனக்கு அது கண்டக்டரின் தொண்டை.
அவிநாசி அவிநாசி அவிநாசி.
கோயமுத்தூர் பஸ்ஸுக்கு இறங்கி மாறும் இடம்,
கல்யாண மண்டபம், வாயிற்று வலிக்கு ஒரு டாக்டர்.
"நாஸ் ஆகாதது" என்றாள்.
"எங்க பூஜையில வரும். அழியாதது."
முப்பத்தாறு வருடம் என் காதில் கத்திய சொல்
இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து
எனக்கு அர்த்தமாயிற்று.

தேர் தகரக் கூண்டுக்குள் இருந்தது.
சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று
தன் உயரத்தை அளந்து பார்த்தாள்.
அவள் ஊரில் தேருக்கு இரண்டு பக்கமும் வடமாம்.
மேலத்தெரு இந்தப் பக்கம், கீழத்தெரு அந்தப் பக்கம் இழுக்குமாம்.
"அப்பறம் தேர் எங்கதான் போகும்?"
"அதுதான் திருவிழா."

கோபுரத்துக்கு எதிரே விளக்குத்தூண்.
அடியில் கல் முதலை,
வாயில் பாதி பிள்ளை.
அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.
"முழுங்குதா, துப்புதா?"
"துப்புது. கதை அப்படித்தான்."
"கதை சரி. கல்லுல எப்படித் தெரியும்?"
குனிந்து பார்த்தேன்.
எத்தனை பேர் தடவிய எண்ணெயோ,
பிள்ளைக்கு முகம் மழுங்கிவிட்டது.
உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா?
பிறந்ததிலிருந்து பார்க்கிற கல்தான்.

சனுமாயா விரலை மடக்கி மடக்கி
என்னவோ எண்ணினாள்.
"பூகம்பத்துல எங்க ஊட்டுக்குள்ள பதினொரு பேரு.
வெளிய வந்தது ரெண்டு."
பதினோராவது விரலுக்கு
என் சுண்டுவிரலைத் தொட்டிருந்தாள்,
விடவில்லை.

உள்ளே போனோம், வந்தோம்.
தட்டில் பத்து ரூபாய் போட்டாள், நான் இருபது.
வெளியே ஆளுக்கு ரெண்டு பரோட்டா.
கால் வீங்கிவிட்டதால் திரும்புகையில் பஸ்.
கட்டணமில்லாச் சீட்டை நாலாய் மடித்துப்
பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

"திருப்பூர் திருப்பூர் திருப்பூர்"
படியில் தொங்கிக் கத்தினார் கண்டக்டர்.
சனுமாயா என் பக்கம் திரும்பி
வாயைத் திறப்பதற்குள்
"தெரியலீங்க்கா" என்றேன்.