கூட்டக் குறிப்பில் சேர்க்காதவை

வாழைச்சேனை. செயலக மண்டபம்.
பத்து மணிக் கூட்டம்
பத்தே முக்காலுக்குத் தொடங்கியது.
பொருள்: கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்,
கரையில் தாங்கி,
இடையில் எங்கள் ஊர்.
குறிப்பெடுக்க நான்.

ஐந்து நாளாக வாசலில்
தகரக் கொட்டிலில் இருந்தவர்கள்
உள்ளே வந்தார்கள்.
பதாகையைச் சுருட்டிக் கதவோரம் சாத்தினார்கள்,
மாரியில் குடையைச் சாத்துவது போல.

கம்பனிக்காரர் திரையில் படம் போட்டார்.
கடல் அதில் ஒரே நீலம்,
அலையில்லை, மீனில்லை.
குழாய் மட்டும் சிவப்பு.

பூவிலிங்கம் எழுந்தார்:
"தம்பி, அந்தச் சிவப்பு
எங்கட பாருக்கு மேலால போகுது.
பாரைக்குட்டி படுறது அதிலதான்."
எழுதினேன்: மீனவர் சங்கம் ஆட்சேபம்.
அவர் நகக்கண்ணில் கிறீஸ் கறுத்திருந்ததை
எழுதவில்லை.

பிறகு இசதீன், ஓட்டோச் சங்கம்:
"அந்த வருசம் மூணு ராவு
பெற்றோல் செட்டடியில படுத்தவன் நான்.
புள்ளைக்குக் காச்சல்.
ஓட்டோ இரிக்கி, எண்ண இல்ல.
தோள்ல போட்டுக்கிட்டு
ஆசுபத்திரிக்கு ஓடினன்.
எண்ண வாறதெண்டா வரட்டும்,
கடலால வந்தா என்ன, வானத்தால வந்தா என்ன!"

பின்வரிசையில் யாரோ கூவினார்கள்.
"கூவினவர்ர மோட்டார் சைக்கிள்
வெளிய நிக்கிது" என்றார், திரும்பாமலே.
அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று எழுதி
வெட்டினேன்.
என் ஸ்கூட்டியும் வெளியேதான் நின்றது,
மறைகாப்பில் அந்த வருசத்துச் சதுரக் கோடு
இன்னும் ஒட்டியபடி,
வெயிலில் வெளுத்து,
எந்தக் கருவியும் வாசிக்க முடியாததாய்.

காற்றாலை போடலாம் என்றான் ஒரு மாணவன்.
காற்றாலையைக் கொண்டுவாற லொறி
எதில ஓடும் என்றார் ஒருவர்.
இப்படியே இருபது நிமிடம்.
நாலு வரியில் சுருக்கினேன்.

சுகிர்தமலர் கருவாடு போடுபவர்.
கையுயர்த்தவில்லை, எழுந்தே விட்டார்.
"ஒண்டு கேக்கிறன்.
ராவு ரெண்டு மணிக்குக் குழாய் வெடிச்சா
நான் ஆரை எழுப்புற?"
அவசர இலக்கம் உண்டு என்றார் கம்பனிக்காரர்.
சொன்னார். பத்து இலக்கங்கள். கொழும்பு.
அவர் அங்கேயே அழுத்தினார்,
சத்தத்தைக் கூட்டிப் பிடித்தார்.
மண்டபம் முழுக்க மணியடித்தது.
அடித்தது.
அடித்து ஓய்ந்தது.
"இது பகல் பதினொண்டரை" என்று சொல்லி
இருந்தார்.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி, ஒலிவாங்கி,
திரையிலிருந்த அந்த மீனில்லாக் கடல்
எல்லாம் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
யார் எடுத்து வருவது, எந்தக் கணக்கில்?
பிரதேச செயலாளர் என்னைப் பார்த்தார்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.

பூவிலிங்கம் மகனுக்குக் கண் காட்டினார்.
கால் மணி நேரத்தில்
படகிலிருந்து ஒரு கான் வந்தது,
ஐந்து லீற்றர், மூடியில் மீன்செதில்.
"கதைச்சு முடிக்கோணுமே" என்றார்,
ஒருவரும் கேட்காமலே.
ஜெனரேட்டர் இருமி, கறுப்பாய் ஊதி,
எழுந்தது.
நீலம் திரும்பி வந்தது.
சிவப்பு திரும்பி வந்தது.

தீர்மானம்:
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
டீசல் விசயத்தைக் குறிப்பில் போட வேண்டாம்
என்றார்கள்.
காசு கொடுக்கப் பற்றுச்சீட்டு வேண்டும்;
படகு பற்றுச்சீட்டு தருவதில்லை.
அவருக்கு இன்னும் கொடுபடவில்லை.
கேட்கவும் இல்லை.
வாசல் கொட்டிலில் இருக்கிறார்,
நான் உள்ளே போகும்போது தலையசைப்பார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை.
ரெண்டு மணி பிந்தி ஏதோ நிமிடம்.
கொப்பியை எடுத்து
அந்த இலக்கத்தை அழுத்தினேன்.
நாலாவது மணியில் எடுத்தார்கள்.
"கவுத?" என்றது
தூக்கம் கலையாத ஓர் ஆண் குரல்.

எதுவும் வெடித்திருக்கவில்லை.
யாரென்று சொல்ல
ஒரு சிங்களச் சொல் தேடி
நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன்.